கணிப்பொறியின் முதுகில் மூன்று துளைகள்

ஒலிபெருக்கி என்ற சொல்லின்மீது எனக்கு நெடுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. கோயில் கொடைகளிலும் தேர்தல் கூட்டங்களிலும் கம்பத்தில் கட்டப்படும் குழாய்க்கு அப்பெயரை இட்டு வழங்குகிறோம். பெருக்கும் வேலையை உண்மையில் செய்வது, மேடைக்குப் பின்னால் எவர் கண்ணிலும் படாமல் சூடேறிக்கொண்டிருக்கும் ஆம்ப்ளிஃபயர். குழாயின் வேலை, பெருக்கப்பட்டு வந்த மின்னலைகளை மீண்டும் காற்றின் அசைவாக மாற்றித் தருவது. வகுப்பில் காரணப்பெயர் நடத்தும்போதெல்லாம் இச்சொல்லை எடுத்துக்காட்டாகச் சொல்ல நா எழும். காரணம் ஓரிடத்திலும் பெயர் வேறிடத்திலுமாகக் கிடப்பதை நினைத்து விட்டுவிடுவேன். கடைவீதியில் ஸ்பீக்கர் என்றால் ஒன்று, ஆம்ப்ளிஃபயர் என்றால் மற்றொன்று. அங்கே குழப்பம் இல்லை. ஆகவே இக்கட்டுரையில் கடைவீதியின் வழக்கையே பின்பற்றுகிறேன்.

வீட்டுக் கணிப்பொறியோடு டேப் டெக்கையும் ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கரையும் இணைப்பது பற்றித் தமிழ் நடத்துகிற ஒருவன் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். 23 கேசட்டுகள் இருந்தன என்பதுதான் விடை.

என் ஆசிரியர் 1993இல் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, பாளையங்கோட்டையில் தம் வீட்டு முன்னறையில் மாலை வேளைகளில் பாடம் சொல்லிவந்தார். கட்டணம் இல்லை, பாடத்திட்டம் இல்லை, தேர்வும் இல்லை. விருப்பமுள்ளவர் வந்து பாயில் உட்கார்ந்து கேட்கலாம். முதுகலை படித்த 1999 முதல் 2001 வரையிலான இரண்டாண்டுகளும் நான் அந்தப் பாயில் இருந்தவன். எனக்கு முந்திய அணியினரில் யாரோ ஒருவர் முக்காலியின்மேல் டேப்ரிக்கார்டரை வைத்துப் பாடங்களைப் பதிவுசெய்யத் தொடங்கியிருந்தார். முடிந்தபோதெல்லாம் அவ்வழக்கம் தொடர்ந்தது. 2004இல் ஆசிரியர் மறைந்தார். 2023 கோடை விடுமுறையில் அவருடைய துணைவியார், நாங்கள் அனைவரும் அம்மா என்றே அழைப்பவர், கேசட்டுகள் அடங்கிய தகரப் பெட்டியை என்னிடம் கொடுத்தார். அவருக்கு அப்போது வயது 80. அவர் வீட்டு டேப்ரிக்கார்டர் ஓடாமல் நின்று எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருந்தன.

"கம்ப்யூட்டர்ல ஏத்திக் கேக்கலாம்னு சொல்லுதாகளே தம்பி, கண்ண மூடுததுக்குள்ள ஒரு தடவ அவுக கொரலக் கேட்டுப்புடணும்" என்றார்.

*

கேசட்டைப் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்தியது 1963ஆம் ஆண்டில். அதனுள் ஓடும் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர். நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் அது ஓடுகிறது. பக்கத்திற்கு அரைமணியாக ஒருமணி நேரம் ஓடும் கேசட்டினுள் ஏறத்தாழ 86 மீட்டர் நாடா சுருண்டு கிடக்கிறது. பெட்டியிலிருந்த 23ம் ஒருமணி நேரக் கேசட்டுகளே. கணக்கிட்டுப் பார்த்தால், ஆசிரியரின் குரல் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளத்திற்கு அந்தத் தகரப் பெட்டிக்குள் அடங்கியிருந்தது.

ஆனால் அது குரலாக இல்லை. நெகிழி நாடாவின்மேல் பூசப்பட்ட இரும்பு ஆக்சைடுத் துகள்களின் காந்த அடுக்காக இருந்தது. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து ஏடு தேடியபோது, ஏடு கிடைத்தால் போதும், கண்ணும் பழக்கமும் கொண்டு அதைப் படித்துவிட முடிந்தது. நாடாவின் நிலை அன்று. அதை எத்தனை முறை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாலும் பழுப்பு நிறம் ஒன்றைத் தவிர எதுவும் தெரியாது. படித்துத் தர எந்திரம் வேண்டும். எந்திரமோ நாடாவுக்கு முன்னால் செத்துக்கொண்டிருக்கிறது. யுனெஸ்கோவும் ஒலி ஆவணக்காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமும் சேர்ந்து 2019இல் ஓர் எச்சரிக்கை முயற்சியைத் தொடங்கின. எந்திரங்களும் உதிரிபாகங்களும் அற்றுப்போவதால், 2025ஐ ஒட்டியே நாடாப் பதிவுகளை மீட்கும் வாய்ப்பு பெருமளவு மூடிவிடும் என்பது அதன் சாரம். நாடா கெடுவதற்கு முன்பே அதை வாசிக்கும் வழி கெட்டுவிடும் என்பதுதான் இதிலுள்ள அச்சம்.

என் தந்தையார் வாங்கிய டேப் டெக் ஒன்று பரணில் இருந்தது. திருநெல்வேலிச் சந்திப்பில் ஒருகாலத்தில் டேப்ரிக்கார்டர் பழுதுபார்த்து, இப்போது கைப்பேசி பழுதுபார்க்கும் அண்ணாச்சி ஒருவரிடம் அதைக் கொண்டுசென்றேன். திறந்து பார்த்தால் ரப்பர் பெல்ட் இளகிக் கருப்புக் களிம்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைச் சுரண்டி எடுத்துப் புதிய பெல்ட் மாட்டினார். ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் தலைப்பகுதியையும் நாடாவை இழுக்கும் உருளையையும் துடைத்தார். பிறகு ஒரு கேசட்டை ஓடவிட்டார். ஆசிரியர் கம்பளியால் முகத்தை மூடிக்கொண்டு பேசுவது போலிருந்தது.

"பதிஞ்ச மிஷின் வேற, பாடுத மிஷின் வேற சார். அந்தத் தலை என்ன சாய்வுல எழுதிச்சோ அதே சாய்வுல இந்தத் தலை வாசிக்கணும்" என்று சொல்லி, தலையின் ஓரத்திலிருந்த மிகச் சிறிய திருகாணியைக் கால் சுற்று திருகினார். கம்பளி விலகியது. சகரமும் தகரமும் தனித்தனியே காதில் விழுந்தன. சாய்வு ஒரு மயிரிழை பிசகினாலும் உயர்ந்த அதிர்வுகள் முதலில் காணாமற் போகின்றன. மெய்யெழுத்துகளின் கூர்மை அவற்றில்தான் இருக்கிறது. கேசட்டுக்குக் கேசட்டு அத்திருகாணியை ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்றும், நெடுங்காலம் ஓடாத நாடாவை எடுத்ததும் பாடவிடாமல் முன்னும் பின்னுமாக ஒருமுறை முழுக்கச் சுற்றி எடுக்க வேண்டும் என்றும் அவர் சொல்லியனுப்பினார்.

*

என் வீட்டிலிருப்பது மேசைக் கணிப்பொறி. அதன் முதுகில், 3.5 மில்லிமீட்டர் முனை நுழையும்படியாக மூன்று வட்டத் துளைகள் இருக்கின்றன: இளநீலம், பச்சை, இளஞ்சிவப்பு. இந்நிறங்கள் அழகுக்காக இட்டவை அல்ல. மைக்ரோசாஃப்ட், இன்டெல் நிறுவனங்கள் 1990களின் இறுதியில் வெளியிட்ட பிசி 99 என்னும் வழிகாட்டியால் நிலைபெற்றவை. இளநீலம், பிற கருவிகளிலிருந்து ஒலி உள்ளே வருவதற்கு. பச்சை, கணிப்பொறியின் ஒலி வெளியே செல்வதற்கு. இளஞ்சிவப்பு, மைக்குக்கு.

டெக்கின் முதுகில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆர்.சி.ஏ. முனைகள் இருந்தன. சிவப்பு வலம், வெள்ளை இடம். ஒரு முனையில் அவ்விரண்டும், மறுமுனையில் ஒற்றை 3.5 மி.மீ. முனையும் கொண்ட கேபிள் எந்த மின்கடையிலும் கிடைக்கும். அந்த ஒற்றை முனையை உற்றுப் பார்த்தால் அதில் இரண்டு கருப்பு வளையங்கள் தெரியும். அவை அதனை மூன்றாகப் பகுக்கின்றன. நுனி இடப்பக்க ஒலிக்கு, நடுவளையம் வலப்பக்க ஒலிக்கு, அடிப்பகுதி இரண்டிற்கும் பொதுவான தரைக்கு. தொலைபேசி நிலையங்களில் பெண்கள் கையால் மாற்றி மாற்றிச் செருகிய 19ஆம் நூற்றாண்டுச் செருகிகளின் வழிவந்ததுதான் இது. அளவு குறைந்திருக்கிறதே தவிர அமைப்பு பெரிதும் மாறவில்லை.

டெக்கை இளநீலத்தில்தான் செருக வேண்டும், இளஞ்சிவப்பில் கூடாது. இரண்டும் உள்வாங்கும் துளைகளாயினும் அவை கேட்கும் விதம் வேறு. மைக் தருவது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கே. ஆகவே இளஞ்சிவப்புத் துளைக்குப் பின்னாலுள்ள சுற்று, வருவதைப் பன்மடங்கு பெருக்கிக்கொள்ள அணியமாக இருக்கிறது. டெக் தருவதோ ஒரு வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கு அளவு. முணுமுணுப்பைக் கேட்கக் காதை அருகில் கொண்டுவந்தவரிடம் உரக்கக் கத்தினால் எப்படியிருக்கும்? ஒலி உடைந்து கரகரத்துப் போகும். பிறகு எந்த மென்பொருளாலும் அதைச் சீராக்க முடியாது. மடிக்கணினி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலானவற்றில் காதுக்கருவிக்கும் மைக்குக்குமாக ஒரே துளைதான் இருக்கிறது, இளநீலம் இல்லை. அவர்கள் லைன்-இன் வசதியுள்ள சிறிய யூ.எஸ்.பி. ஒலிக்கருவி ஒன்றை வாங்கி இடையில் இணைப்பதே வழி.

பதிவுசெய்ய ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினேன். 2000ஆம் ஆண்டு முதல் கிடைத்துவருவது அது. நொடிக்கு 48,000 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 24 பிட்டுகளில் எழுதும்படி அமைத்தேன். ஒற்றைத் தடப் பதிவுக்கு மணிக்கு ஏறத்தாழ 518 மெகாபைட் ஆகிறது. 23 கேசட்டுக்கும் சேர்த்து 12 கிகாபைட். இன்று இது ஒரு பொருட்டே அல்ல. எம்.பி.3 ஆகச் சுருக்கினால் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைக்கலாம். ஆனால் மனிதக் காது தவறவிடக்கூடும் என்று ஒரு கணக்கு முடிவுசெய்பவற்றை எறிந்துவிட்டுத்தான் அது சுருக்குகிறது. எதைத் தவறவிடலாம் என்று என் ஆசிரியரின் பாடத்தில் ஒரு கணக்கு முடிவுசெய்வதை நான் விரும்பவில்லை. நண்பர்களுக்கு அனுப்பப் பின்னால் சுருக்கிக்கொள்ளலாம். மூலம் முழுமையாக இருக்கட்டும்.

இதில் குறுக்குவழி கிடையாது. ஒருமணி நேர நாடா ஏற ஒருமணி நேரம் ஆகும். நாளைக்கு ஒரு கேசட் என்று வைத்துக்கொண்டு அக்கோடை முழுவதும் நான் மீண்டும் மாணவனாக இருந்தேன்.

*

முதல் கேசட் ஏறியதும் அம்மாவை ஆட்டோவில் வீட்டிற்கு அழைத்துவந்தேன். பச்சைத் துளையில் கணிப்பொறியோடு வந்த சிறிய பிளாஸ்டிக் ஸ்பீக்கர்கள் இரண்டு இணைந்திருந்தன. அவற்றில் ஓடவிட்டேன். அவர் தலையைச் சாய்த்துச் சிறிது நேரம் கேட்டார்.

"அவுக பேசுதது புரியுது. ஆனா அவுக கொரலு இப்படி ஒல்லியாவா இருக்கும்? யாரோ டெலிபோன்ல அவுகள மாதிரிப் பேசுதாப்புல இருக்கு தம்பி."

காதுக்கருவியைக் கொடுத்தேன். காதுக்குள் நுழைந்து பேசுவது தமக்கு ஆகாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவர் சொன்ன உவமை எத்துணைச் சரியானது என்பது பின்னால் படித்தபோது விளங்கிற்று. வளர்ந்த ஆணின் பேச்சுக்குரலின் அடிப்படை அதிர்வு பெரும்பாலும் 85 முதல் 180 ஹெர்ட்ஸுக்குள் அமைகிறது. பழைய தொலைபேசி கடத்தியதோ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே. அதாவது தொலைபேசியில் நாம் கேட்ட எந்த ஆணின் குரலிலும் அக்குரலின் அடித்தளம் இருந்ததில்லை. மேலுள்ள அதிர்வுகளைக் கொண்டு மூளையே அதை ஊகித்து நிரப்பிக்கொண்டது. இரண்டங்குல ஸ்பீக்கர்களின் கதையும் ஏறக்குறைய அதுவே. 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே தள்ள வேண்டிய காற்றைத் தள்ள அவற்றின் சிறு காகிதக் கூம்பால் இயலாது. முதுமையில் உயர்ந்த அதிர்வுகளைக் கேட்கும் திறன் முதலில் குறைகிறது. அம்மாவின் காது மேற்பகுதியைத் தவறவிட்டது. ஸ்பீக்கர் கீழ்ப்பகுதியைத் தரவில்லை. நடுவில் எஞ்சியதுதான் அந்த ஒல்லிக் குரல்.

தொல்காப்பியத்தின் பிறப்பியலை ஆசிரியர் நடத்திய கேசட் அப்பெட்டியிலேயே இருந்தது. கொப்பூழிலிருந்து எழும் காற்று தலையிலும் கழுத்திலும் நெஞ்சிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி எழுத்தாகப் பிறக்கிறது என்பது அவ்வியலின் கருத்து. எட்டு இடங்கள். தேர்வுக்காக அவற்றை மனப்பாடம் செய்தவர்கள் நாம். கணிப்பொறி ஸ்பீக்கரில் கேட்டபோது எனக்குத் தோன்றியது இதுதான்: பல் இருக்கிறது, இதழ் இருக்கிறது, நாவும் அண்ணமும் இருக்கின்றன; நெஞ்சு மட்டும் இல்லை. ஆகவேதான் சொற்கள் புரிந்தன. ஆள் மட்டும் வரவில்லை.

நெஞ்சைக் கொண்டுவரப் பெரிய ஸ்பீக்கர் வேண்டும். எங்கள் ஊர்களில் 1980களில் உள்ளூர் மெக்கானிக்குகளே ஆம்ப்ளிஃபயர்களைக் கோத்துக் கொடுப்பார்கள். தச்சர் பிளைவுட் பெட்டி செய்வார். எட்டங்குல ஸ்பீக்கரை அதில் பொருத்துவார்கள். அப்படிப்பட்ட ஒரு தொகுதி எங்கள் பரணிலும் இருந்தது. அண்ணாச்சி அதில் உலர்ந்துபோன கப்பாசிட்டர்களை மாற்றிக் கொடுத்தார்.

இவ்வகை ஸ்பீக்கரைப் பச்சைத் துளையில் நேராகச் செருகினால் ஆகாதா என்று என் மகள் கேட்டாள். ஆகாது. பச்சைத் துளை தருவது ஏறத்தாழ ஒரு வோல்ட். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு வோல்ட் முழுதாகக் கிடைத்தாலும் எட்டில் ஒரு வாட்டே ஆகும். அதற்குரிய மின்னோட்டத்தைக்கூட அத்துளையால் தர முடியாது. அதே ஸ்பீக்கருக்கு 20 வாட் தரும் ஆம்ப்ளிஃபயர் 12 வோல்ட்டுக்கு மேல் தள்ளுகிறது. எனவே பச்சையிலிருந்து கேபிள் ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸ் எனப்படும் உள்வாயிலுக்குச் செல்ல வேண்டும்; ஆம்ப்ளிஃபயரிலிருந்து வயர்கள் ஸ்பீக்கருக்குச் செல்ல வேண்டும். பெட்டிக்குள்ளேயே ஆம்ப்ளிஃபயர் வைத்த ஸ்பீக்கர்களும் இன்று கிடைக்கின்றன. அவை தாமே மின்செருகியோடு வரும். அவற்றைப் பச்சையோடு நேராக இணைக்கலாம்.

ஸ்பீக்கர் வயரில் சிவப்பு சிவப்போடும் கருப்பு கருப்போடும் சேர வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் மாறிவிட்டால், ஒரு கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும்; இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அழிவது பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வுகள்தாம். அதாவது மீண்டும் நெஞ்சு. சரிபார்க்க எளிய வழி, ஒருவர் பேசும் பதிவைப் போட்டு இரண்டிற்கும் நடுவே உட்கார்ந்து கேட்பது. குரல் நடுவில், வெற்றிடத்தில், ஓர் ஆள் நிற்பதுபோல் நின்றால் இணைப்பு சரி. எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் அறையெங்கும் பரவிக் கிடந்தால் ஒரு வயர் மாறியிருக்கிறது. இவ்வளவு சிறிய பெட்டிகளை ஆங்கிலத்தில் நூலடுக்கு ஸ்பீக்கர் என்பார்களாம். என் அறையில் அவை உண்மையாகவே நூலடுக்கில், உட்கார்ந்தவரின் காது உயரத்தில், அகராதிகளுக்கு நடுவே அமர்ந்தன. வெற்றுச் சுவர்களால் எழும் எதிரொலியைப் புத்தகங்கள் நன்றாகவே விழுங்குகின்றன.

எல்லாம் இணைத்துச் சுவிட்சைப் போட்டதும், பாடத்திற்கு அடியில் தேனீக்கூடு போன்ற ஓர் இரைச்சல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் மாறிமாறி ஓடுவது. கணிப்பொறி ஒரு சுவர்ச்செருகியிலும் ஆம்ப்ளிஃபயர் வேறொன்றிலும் இருந்தால் இரண்டின் தரை இணைப்புகளும் கேபிள் வழியாக வளையமாகச் சுற்றிக்கொண்டு அந்த ஓசையை உண்டாக்குகின்றன. எல்லாவற்றையும் ஒரே நீட்டிப்புப் பெட்டியில் செருகியதும் ஓசை அடங்கிற்று. அடங்காதவர்கள் கேபிளின் இடையே பிரிப்பு டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைப் போடலாம். மூன்று முனைச் செருகியின் தரைமுனையைப் பிடுங்கிவிட்டால் போதும் என்று சொல்பவர் உண்டு. அதைச் செய்யவே கூடாது. அந்த முனை உயிரைக் காக்க இருப்பது.

*

இரண்டாம் முறை அம்மா வந்தபோது சிலப்பதிகாரக் கேசட் ஒன்றைப் போட்டேன். ஆசிரியர் தொண்டையைச் செருமிவிட்டுத் தொடங்கினார். அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நூலடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிறிது நேரம் சென்று, "சத்தத்தக் கொறைங்க தம்பி. அவுக இம்புட்டுச் சத்தமாப் பேசமாட்டாக" என்றார். குறைத்தேன். இன்னும் கொஞ்சம் என்று கையால் காட்டினார். ஓரளவுக்கு வந்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டார். அந்த அளவைப் பென்சிலால் ஆம்ப்ளிஃபயரில் குறித்து வைத்திருக்கிறேன்.

ஆசிரியரின் மகன் வெளிநாட்டில் இருக்கிறார். மாதிரிக்கு அனுப்பியதைக் கேட்டுவிட்டு, பின்னணியில் கேட்கும் இரைச்சலையெல்லாம் நீக்கித் தரமுடியுமா என்று தொலைபேசியில் கேட்டார். முடியும். பேச்சில்லாத ஓரிடத்தைக் காட்டி, இதுதான் இரைச்சலின் மாதிரி என்று ஆடாசிட்டிக்குச் சொன்னால், அதே சாயலுள்ளவற்றைப் பதிவெங்கும் தேடி மங்கச் செய்யும். பேச்சின் இடைவெளிகளில் மிஞ்சும் ஓசையை அடைத்துவிடவும் அதில் வழி உண்டு. இரண்டையும் செய்தேன். ஆனால் ஆவணக் காப்பாளர்கள் விடாது கடைப்பிடிக்கும் விதிப்படி, கை வைக்காத மூலத்தைத் தனியாகவும், தூய்மைசெய்ததைத் தனியாகவும் இரண்டு படிகளாக வைத்தேன். பதிப்பாசிரியர்களுக்கு இது புதிதன்று. பாடத்தைத் திருத்தலாம், மூல ஏட்டைத் திருத்தக்கூடாது.

அம்மாவுக்கு இரண்டையும் போட்டுக் காட்டினேன். தூய்மைசெய்தது தெளிவாக இருப்பதாக எனக்குத் தோன்றிற்று. அவர் மூலத்தையே கேட்டார்.

"இதுல வீடு இருக்குல்லா" என்றார்.

இருந்தது. அக்கால டேப்ரிக்கார்டர்களில் உள்ளேயே அமைந்த மைக்கோடு, ஒலியளவைத் தானே சீர்செய்யும் ஒரு சுற்றும் இருக்கும். பேச்சு உரத்தால் அது அடக்கும். பேச்சு ஓய்ந்தால் அடுத்த ஒலியைத் தேடித் தன் கேள்வியைக் கூர்மையாக்கும். ஆசிரியர் ஒரு வரியைச் சொல்லி நிறுத்தும் ஒவ்வொரு முறையும் அவ்வீட்டின் பிற ஓசைகள் மெல்ல எழுந்து முன்னே வந்தன: மின்விசிறியின் கடகடப்பு, தெருவில் மிதிவண்டி மணி, அடுப்படியில் பாத்திரம் நகரும் சத்தம், அம்மிக்குழவி உருளும் சத்தம். ஓரிடத்தில் காப்பி ஆறிப்போகிறது என்று ஒரு பெண்குரல். "நாந்தான்" என்றார் அம்மா.

பதினேழாம் கேசட்டின் முதுகில் ஆசிரியர் கையால் 'வழக்குரை – 2, 1996' என்று எழுதியிருந்தது. நான் அவரிடம் சேர்வதற்கு முந்திய பாடம். கண்ணகி வாயிலில் வந்து நிற்பது, வாயிலோன் உள்ளே சென்று சொல்வது, அரசனோடு அவள் வழக்காடுவது என்று பாடம் நகர்ந்து, கோவலனிடமிருந்து கைப்பற்றிய சிலம்பைக் கொண்டுவந்து முன்னே வைக்கும் இடம் வந்தது. அங்கே 'டக்' என்று ஒரு சத்தம்; உடனே திரைப்படப் பாட்டு. கேசட்டின் பின்விளிம்பில் அழித்தெழுதாமல் காக்க உடைக்கப்பட்டிருந்த ஓட்டையைச் செல்லோடேப்பால் மூடி, யாரோ பாட்டுப் பதிந்திருக்கிறார்கள். சிலம்பு உடையும் இடம் அந்த நாடாவில் இல்லை.

எனக்கு அது பெரிய இழப்பாகத் தோன்றிற்று. அம்மா பதறவில்லை.

"கொஞ்சம் பின்னால ஓட்டிப் போடுங்க. அம்மிச் சத்தம் எங்கன நிக்குதுன்னு பாருங்க" என்றார்.

ஓட்டினேன். பாட்டு குறுக்கிடுவதற்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் முன்பு அம்மிக்குழவி நின்றிருந்தது. அதன்பின் ஆசிரியர் நிறுத்திய இடங்களில் மின்விசிறி மட்டுமே கேட்டது.

"அந்த எடம் வந்தா நான் ஒண்ணையும் தொடமாட்டேன். எல்லாரும் அங்கன சத்தம் போட்டுச் சொல்லுவாக. அவுக கொரலத் தாழ்த்திருவாக. சிலம்பு ஒடஞ்ச சத்தத்த இளங்கோ சொல்லவே இல்லையாமே, மணி தெறிச்சதத்தான் சொன்னாராம். சத்தத்தக் கேக்குதவன் காதுக்கு விட்டுட்டாரு, அதுக்கு மேல வாத்தியாரு கத்தப்பிடாதும்பாக."

வீட்டுக்குப் போய் நூலை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, நூலடுக்கிலேயே இருந்தது. வழக்குரை காதையில் சிலம்பு உடைபடுகிறது. மாணிக்கப் பரல் மன்னன் முகத்தருகே தெறிக்கிறது. ஓசையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இருபதாண்டுகளுக்கு மேலாக அக்காதையை நடத்திவருகிறேன். இக்கருத்தை எந்த உரையிலும் நான் கண்டதில்லை. வருகைப் பதிவேட்டில் பெயரில்லாத ஒரு மாணவி, அடுப்படியிலிருந்து அதைக் கேட்டு வைத்திருந்தார்.

தூய்மைசெய்த படியில் அம்மிச் சத்தமே இல்லை. ஆகவே அது நின்ற இடமும் இல்லை. இடைவெளிகள் எல்லாம் ஒன்றுபோல வெறுமையாக இருந்தன. எது பாடம், எது இரைச்சல் என்று பிரிப்பதற்கு மென்பொருளுக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. அந்த அளவுகோலின்படி அம்மா இரைச்சல்.

*

அதுவரை இளஞ்சிவப்புத் துளைக்கு வேலை இருந்ததில்லை. மறுநாள் சட்டையில் குத்தும் சிறு மைக் ஒன்றை வாங்கி அதில் செருகினேன். இவ்வகை மைக்குக்கு வேண்டிய சிறு மின்னழுத்தத்தை அத்துளையே தருகிறது. தனி பேட்டரி வேண்டியதில்லை. மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் இருந்தால் மூச்சுக்காற்று நேராக மோதிப் படபடக்காது. ஸ்பீக்கரை அணைத்துவிட வேண்டும். இல்லையேல் அதன் ஒலியே மைக்கில் நுழைந்து ஊளையிடும்.

பதினேழாம் கேசட்டை அது அறுபடும் இடம்வரை அம்மாவுக்கு ஒருமுறை போட்டுக் காட்டி நிறுத்தினேன். அதன்பின் அவர் பேசினார். பதினோரு நிமிடம். ஆசிரியரைப் போலப் பேசவில்லை. அவருடைய பேச்சில், அவருடைய ஊர் வழக்கில், அன்று சொல்லப்பட்டதைச் சொன்னார். இரண்டிடங்களில் ஆசிரியரோடு தமக்கு உடன்பாடில்லை என்றும் சொன்னார். பாண்டிமாதேவி உடனே விழுந்து இறந்ததைக் கற்பு என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது, அது அவமானமும்தான் என்பது அவற்றுள் ஒன்று. அதைப் பாடம் நடந்த நாளில் சொல்ல அவருக்கு இடம் இருக்கவில்லை. அது 24ஆம் கோப்பாக இருக்கிறது. ஏழாம் நிமிடத்தில் எங்கள் அடுப்படியில் குக்கர் விசிலடிக்கிறது. அதை நான் நீக்கவில்லை.

அவருடைய மகனுக்கு இரண்டு படிகளையும் அனுப்பினேன். என் மாணவர்களுக்கு மூலத்தையே, அதுவும் வகுப்பில் ஸ்பீக்கர் வைத்துத்தான் போடுகிறேன். ஆளுக்கொரு காதுக்கருவியில் தனித்தனியே கேட்பதைவிட, முப்பது பேர் சேர்ந்து ஒரு மௌனத்தைக் கேட்பது வேறு வகையான படிப்பு என்று நம்புகிறேன். அம்மி நிற்கும் இடம் வரும்போது நான் ஒன்றும் சொல்வதில்லை. இவ்வாண்டு ஒரு மாணவி, "ஐயா, அங்க ஏதோ சத்தம் நின்னுச்சே" என்று கேட்டாள்.

*

இதைப் படிக்கும் நண்பர்களில் பலரது வீட்டுப் பரணிலும் இப்படியொரு பெட்டி இருக்கக்கூடும். தாத்தாவின் திருவாசகம், அத்தையின் தாலாட்டு, என்றோ நடந்த ஓர் இலக்கியக் கூட்டம். டெக் கிடைக்கும்போதே, திருகாணி திருகத் தெரிந்த ஓர் அண்ணாச்சி ஊரில் இருக்கும்போதே அவற்றை ஏற்றிவிடுங்கள். மூலத்தை மூன்று படிகளாக்கி, ஒன்றையாவது வேறொருவர் வீட்டில் வையுங்கள். அதில் பேசாமல் பக்கத்தில் இருந்தவர் எவரேனும் உயிரோடிருந்தால் அவரை அழைத்துக் கேட்கச் செய்யுங்கள்; கையருகே மைக் இருக்கட்டும்.

அதற்கெல்லாம் முன்னால் இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கேசட்டைக் கையில் எடுத்து, பின்விளிம்பில் இரு ஓரங்களிலும் இருக்கும் சிறிய பிளாஸ்டிக் காதுகளைப் பாருங்கள். பக்கத்துக்கு ஒன்று. உடையாமல் இருந்தால் பேனா முனையால் இரண்டையும் உடைத்துவிடுங்கள்.